‘அசெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் உறவுக்காரர்களும்: எதை எங்கே சொல்வது, ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஆங்கிலம் படிக்கப் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். பாரிமுனையில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸ்களில் வேலை செய்யும் பையன்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருப்பவர்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, அசெஸ், இவால்யுவேட், எஸ்டிமேட், அப்ரெய்ஸ், ஜட்ஜ் எல்லாத்துக்கும் டிக்‌ஷனரியில மதிப்பிடுன்னுதான் போட்டிருக்கு. அப்போ எதை வேணா எங்க வேணா போடலாமா?”

போடக் கூடாது. போட்டால் இலக்கணப் பிழை வராது, ஆனால் கேட்கிறவருக்கு வேறு அர்த்தம் போய்ச் சேரும். அவளுக்கு அன்று ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘மதிப்பிடு’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது என்பது சரியில்லை. அகராதியில்தான் அப்படி. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அம்மா ‘மதிப்பிடுகிறேன்’ என்று ஒரு நாளும் சொல்வதில்லை. குத்துமதிப்பாகச் சொல்கிறார், ஆளை எடை போடுகிறார், ஆழம் பார்க்கிறார், உரசிப் பார்க்கிறார், நிலவரம் பார்க்கிறார். இந்த ஐந்தும் ஐந்து வேலைகள். ஆங்கிலமும் அந்த வேலைகளைத் தனித்தனியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. அகராதிச் சொல்லை விட்டுவிட்டு நம் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் படி: ஒலியும் எழுத்தும்

அ-செஸ். அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும். முதல் அசையை லேசாகத் தொட்டுவிட்டு ‘செஸ்’ஸில் நிற்க வேண்டும். நம்மில் பலர் இதை ‘ஆக்ஸெஸ்’ என்ற சொல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஆக்ஸெஸ் என்றால் உள்ளே போகும் வழி, அனுமதி. அதில் ‘க்’ ஒலி உண்டு, அழுத்தம் முதல் அசையில். “ஐ அசெஸ்ட் தி ஃபைல்” என்றால் அந்த ஃபைலை ஆராய்ந்து அதன் தரத்தைப் பார்த்தேன் என்று பொருள். “ஐ ஆக்ஸெஸ்ட் தி ஃபைல்” என்றால் வெறுமனே திறந்தேன். ஆபீஸில் இரண்டும் தினமும் வரும் வாக்கியங்கள்.

எழுதும்போது நான்கு ‘எஸ்’ வர வேண்டும்: ஏ, எஸ், எஸ், ஈ, எஸ், எஸ். கடைசி எஸ்ஸில் ஒன்று விட்டுப்போனால் அது ‘கழுதைகள்’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான் என்பதால் கம்ப்யூட்டர் எழுத்துப்பிழை என்று சிவப்புக்கோடு போடாமல் விட்டுவிடலாம். என் மாணவர் ஒருவர் வேலை விண்ணப்பத்தில் இப்படி எழுதி அனுப்பிவிட்டு, பிறகு தெரிந்து இரண்டு நாள் வகுப்புக்கே வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் எழுத வைத்துவிட்டுத்தான் அர்த்தத்துக்குப் போகிறேன்.

இரண்டாம் படி: சொல் எங்கிருந்து வந்தது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தச் சொல்லின் குணமே இதில்தான் இருக்கிறது.

லத்தீனில் இதன் வேர் ‘அருகில் உட்கார்’ என்று பொருள் தரும். நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விவரங்களைப் பார்த்து, அவருக்கு உதவுகிறவரின் வேலையிலிருந்து பிறந்தது. தீர்ப்பு சொல்கிறவர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்து ஆராய்கிறவர் வேறு. அப்படிப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ‘அசெஸ்ஸர்’ என்றே பெயர். இந்தியக் குற்றவியல் விசாரணைகளிலும் ‘அசெஸ்ஸர்’கள் இருந்தார்கள். நீதிபதியோடு உட்கார்ந்து கருத்து சொல்வார்கள், அந்தக் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. 1955-இல் வந்த சட்டத் திருத்தத்தோடு அந்த முறை போய்விட்டது.

அங்கிருந்து சொல் வரிக்கு நகர்ந்தது. ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள். ஆட்களையும் யோசனைகளையும் திறமைகளையும் அசெஸ் செய்வது என்ற இன்றைய பொதுப் பொருள் மிகவும் பிற்பட்டது.

வட சென்னைக்காரர்களுக்கு இந்த வரிப் பொருள் புதிதே இல்லை. “வீட்டுக்கு அசெஸ்மென்ட் போட்டாச்சா?” என்று தண்டையார்பேட்டைத் தெருக்களில் யாரும் யாரிடமும் கேட்பார்கள். சொத்து வரிக்காக வீட்டை அளந்து கணக்கில் ஏற்றிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எங்கள் தெருவில் ஆங்கிலம் ஒரு எழுத்தும் படிக்காத பாட்டிமார்கள்கூட இந்தச் சொல்லைச் சரியாகத்தான் சொன்னார்கள்.

அப்புறம் துறைமுகம். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றிப் பன்னிரண்டு வருஷம் நான் வேலை பார்த்தேன். அங்கே இந்தச் சொல் காற்றில் மிதக்கும். ‘பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குத் தாக்கல் செய்யும் படிவம்) அசெஸ் ஆயிடுச்சா?’, ‘அசெஸபிள் வேல்யூ (வரி போட எடுத்துக்கொள்ளும் மதிப்பு) என்ன வருது?’, ‘ரீ-அசெஸ் பண்ணிட்டாங்க’. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. 2011 முதல் ‘செல்ஃப் அசெஸ்மென்ட்’ முறை. அதாவது இறக்குமதி செய்கிறவரே சரக்கின் வகை, மதிப்பு, வரி எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதிகாரி அதைச் சரிபார்த்து, தவறு என்றால் மறுபடி அசெஸ் செய்வார்.

இதே தொழிலில் ‘எக்ஸாமின்’ என்றும் ஒரு சொல் உண்டு. கன்டெய்னரைத் திறந்து, சீல் உடைத்து, சரக்கைக் கண்ணால் பார்ப்பது எக்ஸாமின். கிடைத்த விவரத்தை வைத்து எவ்வளவு வரி என்று முடிவு கட்டுவது அசெஸ். முன்னதில் கண்ணுக்கு வேலை, பின்னதில் மூளைக்கு வேலை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற இடங்களிலும் சொல் தானாக வந்து உட்காரும்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

எதை அசெஸ் செய்கிறோமோ அது சொல்லை ஒட்டியே வர வேண்டும். நாம் தமிழில் ‘அதைப் பற்றி’ என்று யோசிப்பதால் “தே அசெஸ்ட் அபௌட் தி டேமேஜ்” என்று வாயில் வந்துவிடுகிறது. ‘அபௌட்’ வேண்டாம். “தே அசெஸ்ட் தி டேமேஜ்” அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் எண்ணெய் பூசிக்கொண்டது நினைவிருக்கும். அதை வைத்தே பயிற்சி செய்யலாம். எவ்வளவு மோசம் என்று பார்ப்பது: “வீ நீட் டு அசெஸ் ஹவ் பேட் இட் இஸ்.” வலை மறுபடி உதவுமா என்று பார்ப்பது: “வீ மஸ்ட் அசெஸ் வெதர் தி நெட்ஸ் கேன் பி யூஸ்ட் அகெய்ன்.” ‘ஹவ்’, ‘வெதர்’ இரண்டும் இந்தச் சொல்லோடு இயல்பாகப் போகும்.

பின்னால் வரும் சிறு சொற்களில் மூன்றைப் பழகினால் போதும். தொகை சொல்லும்போது ‘அட்’: “தி லாஸ் வாஸ் அசெஸ்ட் அட் டூ லாக்ஸ்.” எதற்காகப் பார்க்கிறோம் என்பதற்கு ‘ஃபார்’: “ஷீ வாஸ் அசெஸ்ட் ஃபார் டயபடீஸ்.” எதன் அடிப்படையில் என்பதற்கு ‘ஆன்’: “யூ வில் பி அசெஸ்ட் ஆன் யுவர் ஸ்போக்கன் இங்கிலீஷ்.”

மேலே உள்ள வாக்கியங்களைக் கவனித்தால், செய்தவர் யார் என்றே தெரியாத ‘செயப்பாட்டு’ வடிவம் நிறைய வருவது தெரியும். இந்தச் சொல்லுக்கு அது இயல்பு. அளக்கிறவரைவிட அளக்கப்படுவதுதான் இங்கே முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. “ஐ அசெஸ் தட் ஹீ இஸ் குட்” என்று சாதாரணப் பேச்சில் சொல்லாதீர்கள். ராணுவ, உளவுத்துறை அறிக்கைகளில் அப்படி எழுதுவார்கள். நம் பேச்சில் “ஐ திங்க் ஹீ இஸ் குட்” போதும்.

நான்காம் படி: உறவுக்காரர்களைப் பிரித்தறிவது

இதற்கு நான் வகுப்பில் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்: எல்லாம் முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? நிலவரமா, ஒரு தொகையா, ஒரு விலையா, ஒரு மார்க்கா, ஒரு தீர்ப்பா? மிஞ்சுவது என்ன என்று தெரிந்தால் சொல் எது என்றும் தெரிந்துவிடும்.

நிலவரம் மிஞ்சினால் அசெஸ். இப்போது எப்படி இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான தெளிவு அது. வரி, இழப்பு விஷயத்தில் மட்டும், ஆராய்ந்து நிர்ணயித்த தொகையும் இதில் சேரும்.

பலன் இருந்ததா இல்லையா என்ற பதில் மிஞ்சினால் இவால்யுவேட். இந்த இரண்டுக்கும்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நர்சிங் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. நோயாளியைப் பராமரிக்க ஐந்து படிகள் சொல்வார்கள்: முதல் படி அசெஸ்மென்ட், பிறகு டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், கடைசிப் படி இவால்யுவேஷன். ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தால் முதலில் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை பார்ப்பது அசெஸ். மருந்து கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, அரை மணி கழித்துத் திணறல் குறைந்ததா என்று திரும்பிப் பார்ப்பது இவால்யுவேட். அசெஸ் வாசலில் நிற்கிறது, இவால்யுவேட் முடிவில் நிற்கிறது. ஆபீஸ்களில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு, புரிந்தும்விடும். ஆனாலும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், தவறே வராது.

குத்துமதிப்பான எண் மிஞ்சினால் எஸ்டிமேட். பெயின்டரும் மேஸ்திரியும் போடும் எஸ்டிமேட்தான் இது, விளக்கம் வேண்டாம். உச்சரிப்பு மட்டும் கவனம். பெயர்ச்சொல்லாக வரும்போது கடைசி அசை சுருங்கி ‘எஸ்டிமெட்’ என்று முடியும், வினையாக வரும்போது ‘எஸ்டிமேட்’ என்று நீளும். “கிவ் மி அன் எஸ்டிமெட்”, ஆனால் “கேன் யூ எஸ்டிமேட் தி காஸ்ட்?”

விலை மிஞ்சினால் அப்ரெய்ஸ். சவுக்கார்பேட்டையில் அடகு வைக்கப் போனால் நகையை உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, இவ்வளவு தரலாம் என்று சொல்கிறாரே, அதுதான் அப்ரெய்ஸ். வங்கியில் நகைக்கடனுக்கு உட்கார்ந்திருப்பவரும் அப்ரெய்ஸர்தான். கஸ்டம்ஸில் ‘அப்ரெய்ஸர்’ என்று பதவியே இருக்கிறது. சரக்கின் விலை அறிந்தவர் என்ற பொருளில் வந்த பெயர். ஆண்டுக்கு ஒருமுறை ஆபீஸில் நடக்கும் ‘அப்ரெய்சல்’ இதே சொல். அங்கே உரசப்படுவது நம் வேலை. ‘அப்ரைஸ்’ என்று இன்னொரு சொல் உண்டு, அதற்குத் தகவல் சொல்வது என்று அர்த்தம். ‘ரெய்’யும் ‘ரை’யும் மாறினால் பொருள் மாறிவிடும்.

ஓர் உணர்வு, ஒரு கணிப்பு மட்டும் மிஞ்சினால் கேஜ். ஜி, ஏ, யூ, ஜி, ஈ என்ற எழுத்தைப் பார்த்து ‘காஜ்’ என்று படிக்கத் தோன்றும். இல்லை, ‘கேஜ்’ என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளி இன்று எந்த மனநிலையில் இருக்கிறார், லீவ் கேட்கலாமா என்று ஆழம் பார்ப்பது கேஜ். “ஐ ட்ரைட் டு கேஜ் ஹிஸ் மூட்.” இதோடு சேர்த்து ‘சைஸ் அப்’ என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு வருகிறவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்து, இவர் கடைக்காரரா, வீட்டுக்கு வாங்க வந்தவரா, எவ்வளவு வரை போவார் என்று எடை போட்டுவிடுவார்கள். அதுதான் ‘சைஸ் அப்’. பேச்சுவழக்குச் சொல், ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம்.

அதே ஏலத்தில் எல்லாச் சொல்லும் வேலை செய்வதைப் பாருங்கள். கூடையில் இருக்கும் வஞ்சிரம் எத்தனை கிலோ தேறும் என்று கண்ணளவில் சொல்வது எஸ்டிமேட். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா, கண் பளிச்சென்று இருக்கிறதா, சதை அழுத்தினால் மேலே எழும்புகிறதா என்று பார்த்து மீனின் நிலையை அறிவது அசெஸ். ஏலம் கேட்கிறவரைப் பார்ப்பது சைஸ் அப். வாங்கிக்கொண்டு போய் விற்ற பிறகு, இன்று எடுத்த விலை சரிதானா என்று ராத்திரி கணக்குப் பார்ப்பது இவால்யுவேட். நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் ஒரே காலையில் இந்த நான்கையும் துளிப் பிசகில்லாமல் செய்கிறார்கள்.

எண்ணிக்கைத் தரம் மிஞ்சினால் ரேட். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் அது ரேட். பள்ளி விஷயத்தில் மட்டும் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று சொல்வதில் உள்ள ‘ஏ’ அசெஸ்மென்ட்தான். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்பார்கள். ஆனால் விடைத்தாள் திருத்துவதை நாம் ‘பேப்பர் வேல்யுவேஷன்’ என்கிறோம். நம் நாட்டில் இது புரியும். வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது ‘மார்க்கிங்’ அல்லது ‘கிரேடிங்’ என்று சொல்லுங்கள். ‘வேல்யுவேஷன்’ என்றால் அவருக்கு வீடு, நிலம், கம்பெனியின் விலைதான் மனதில் வரும்.

‘கன்சிடர்’, ‘டீம்’ (டி, ஈ, ஈ, எம்; அணி என்ற ‘டீம்’ இல்லை), ‘ரெக்கன்’ மூன்றும் கருதுவது என்ற பக்கம் போகிறவை. டீம் சட்டக் காகிதங்களில் வரும், ரெக்கன் பேச்சில் வரும். இப்போதைக்கு இது போதும்.

ஐந்தாம் படி: ஜட்ஜ்

இதைத் தனியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

தீர்ப்பு மிஞ்சினால் ஜட்ஜ். நீதிமன்றத்தில் அதுதான் வேலை, போட்டியிலும் அதுதான் வேலை. வட சென்னையில் பாக்ஸிங் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ரிங்குக்குள்ளே நிற்பவர் ரெஃப்ரி, வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு ரவுண்டுக்கும் புள்ளி போடுகிறவர்கள் ஜட்ஜ்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. அந்தப் புள்ளிதான் முடிவு. கோச் செய்வது வேறு. பையனின் கால் வேகம், தடுப்பு, மூச்சு எல்லாவற்றையும் பார்த்து எங்கே பலவீனம் என்று அறிகிறார். அவர் அசெஸ் செய்கிறார். ஜட்ஜ் முடித்து வைக்கிறார், கோச் தொடங்கி வைக்கிறார்.

பொருளை ஜட்ஜ் செய்யலாம், தூரத்தை ஜட்ஜ் செய்யலாம். “ஐ மிஸ்ஜட்ஜ்ட் தி டிஸ்டன்ஸ்” என்றால் தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டேன். யாருக்கும் வலிக்காது. ஆனால் ஆள் அந்த இடத்தில் வந்தால் நிறம் மாறிவிடும். “ஷீ ஜட்ஜ்ட் மி” என்றால் விசாரிக்காமலே என்னை இன்னார் என்று முடிவு கட்டிவிட்டாள் என்று பொருள். அதில் காயம் இருக்கிறது. “ஷீ அசெஸ்ட் மி” என்றால் என் திறமையைச் சோதித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

என் மாணவர்களில் ஒருவன் வியாசர்பாடி. நல்ல பையன், கணக்கு நுணுக்கமாகப் போடுவான். நேர்காணலுக்குப் போன ஒரு இடத்தில் முகவரியைப் பார்த்ததுமே பேச்சின் தொனி மாறிவிட்டது என்று வந்து சொன்னான். வேலை கிடைக்கவில்லை. அவன் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிய வாக்கியம்: “தே டிட் நாட் அசெஸ் மி, தே ஜட்ஜ்ட் மி.” இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சரியாக எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. இப்போதும் அந்த வாக்கியத்தைத்தான் போர்டில் எழுதுகிறேன், அவன் அனுமதியோடு.

ஆகவே அலுவலகக் கடிதத்தில் ஒருவருடைய வேலையைப் பற்றி எழுதும்போது ஜட்ஜ் வேண்டாம். “வீ ஜட்ஜ்ட் யுவர் வொர்க்” என்று எழுதினால் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும். “வீ ஹேவ் அசெஸ்ட் யுவர் வொர்க்” அல்லது இன்னும் மென்மையாக “வீ ஹேவ் ரிவ்யூட் யுவர் வொர்க்” என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: எங்கே இதைச் சொல்லவே கூடாது

அசெஸ் கொஞ்சம் சட்டை போட்ட சொல். ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளி, வரி, இன்ஷூரன்ஸ் இங்கெல்லாம் பொருந்தும். வீட்டில் சாம்பாரில் உப்பு சரியா என்று பார்க்க அசெஸ் வேண்டாம், ‘டேஸ்ட்’ அல்லது ‘செக்’ போதும். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ‘செக்’. கடினமான சொல் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் போட்டால், பேசுகிறவர் மனப்பாடம் செய்தது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். நான் இதில் கண்டிப்பானவள். வகுப்பில் யாராவது “ஐ வில் அசெஸ் தி டைம்” என்றால் அங்கேயே நிறுத்தி “ஐ வில் செக் தி டைம்” என்று திருத்தச் சொல்வேன்.

நேர்காணலில் இதற்கு நல்ல இடம் உண்டு. “உங்கள் முந்தைய வேலை என்ன?” என்று கேட்டால், கிளியரிங் ஆபீஸ் பையன் இப்படிச் சொல்லலாம்: “ஐ செக்ட் தி இன்வாய்ஸ், எஸ்டிமேட்டட் தி டியூட்டி அண்ட் ஃபாலோட் அப் அன்டில் தி பில் வாஸ் அசெஸ்ட்.” மூன்று வேலை, மூன்று சொல், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். கேட்கிறவர் இந்தத் தொழிலில் இருப்பவராக இருந்தால், இவன் உண்மையிலேயே அந்த மேஜையில் உட்கார்ந்தவன் என்று உடனே புரிந்துகொள்வார்.

ஏழாம் படி: ஒரு வாரப் பயிற்சி

நோட்டில் தமிழில்தான் தொடங்க வேண்டும். அன்று நீங்களோ வீட்டிலோ எதையாவது எடை போட்ட, ஆழம் பார்த்த, குத்துமதிப்பாகச் சொன்ன ஒரு சம்பவத்தை நம் பேச்சிலேயே எழுதுங்கள். பக்கத்தில், கையில் என்ன மிஞ்சியது என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: நிலவரம், எண், விலை, பலன், தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் ஆங்கில வாக்கியம். ஒரு நாளைக்கு மூன்று போதும். எழுதியதை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லுங்கள், அழுத்தம் ‘செஸ்’ஸில் விழுகிறதா என்று கேளுங்கள்.

தொடங்குவதற்கு மூன்று தருகிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது, திறக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். மழைக்கு வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று மேஸ்திரி தட்டிப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்த வீட்டில் மாமியாராகப் போகிறவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார். முதலாவது எஸ்டிமேட், இரண்டாவது அசெஸ். மூன்றாவதற்கு என் வகுப்பில் பாதிப் பேர் சைஸ் அப் என்றார்கள், பாதிப் பேர் ஜட்ஜ் என்றார்கள், அன்று வகுப்பு ஒன்பது மணிக்குத்தான் முடிந்தது.